செல்பேசிக்கு முன் எழுந்து நின்றவர்

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிக்கும் நண்பர்களைக் காணச் செல்வோர் எல்லோரும் அறிந்த ஒரு கிரந்தம் உண்டு. வாயிற்காவலரின் மேசைமீது, நூலில் கட்டிய பேனாவோடு, ஓரங்கள் சுருண்டு கிடக்கும் அந்த நீண்ட நோட்டுப் புத்தகத்தில் பெயர், செல்பேசி எண், யார் வீட்டுக்கு, எதற்காக, வந்த நேரம், போன நேரம் என்று கட்டங்கள் போட்டிருக்கும். சென்ற மாதம் ஒரு நண்பரைப் பார்க்கப் போய், என் பெயரை எழுதக் குனிந்தபோது, எனக்கு முன்பு வந்தவர் இரண்டாம் மாடியில் ஒருவருக்குப் பரிசோதனைக்காக இரத்தம் எடுக்கப் போயிருக்கிறார் என்பதும், அவருக்கும் முன்னால் ஐந்தாம் மாடிக்குப் பெண் பார்க்க ஆறு பேர் வந்து, இருபதே நிமிஷத்தில் திரும்பிவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரிந்துபோயின. தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. ஆனால் கண் சும்மா இருப்பதில்லையே! நோட்டுப் புத்தகம் நிரம்பிய பிறகு எங்கே போகும் என்று காவலரைக் கேட்டேன். "பழைய பேப்பர்காரருக்குத்தான் சார்" என்றார், துளியும் கள்ளமில்லாமல்.

நான் பார்க்கப் போன நண்பர், அரசாங்கக் கருவூலத்தில் 35 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒரு பைசா கணக்கில் பிசகினாலும் இரவு உறங்காதவர். அவருக்குச் சில நாட்களுக்கு முன் செல்பேசியில் ஓர் அழைப்பு வந்திருக்கிறது. திரையில் காக்கிச் சட்டை, பின்னால் தேசியக் கொடி, மேசையில் கோப்புகள். அவர் பெயரில் அனுப்பப்பட்ட பார்சலில் போதைப்பொருள் இருந்ததாகவும், அவர் அந்தக் கணமே 'டிஜிட்டல் கைது' செய்யப்பட்டிருப்பதாகவும், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு விசாரணை முடியும்வரை எவரிடமும் வாய் திறக்கக் கூடாது என்றும் அந்த உருவம் உத்தரவிட்டதாம். அதைக் கேட்டதும் என் நண்பர் என்ன செய்தார் என்பதை அவரே சற்று வெட்கத்தோடு சொன்னார்: நாற்காலியிலிருந்து எழுந்து, செல்பேசிக்கு முன் நிமிர்ந்து நின்றாராம்.

காப்பியோடு கதவைத் தட்டிய அவர் மனைவி, கணவர் நிற்கும் கோலத்தைக் கண்டு, செல்பேசியை வாங்கி, "ஐயா, எதுவானாலும் நேரில வாங்க, விலாசம்தான் உங்ககிட்ட இருக்குதே" என்று சொல்லித் துண்டித்துவிட்டார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அந்த அம்மாளின் ஒரு வாக்கியத்தில் இரண்டு உண்மைகள் அடங்கியிருந்தன. விலாசமும் வங்கியின் பெயரும் ஓய்வூதிய விவரமும் அந்த அயோக்கியனிடம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டன என்பது ஒன்று. நிஜமான அதிகாரி நேரில் வருவான் என்பது மற்றொன்று.

முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு உறுத்துவது நண்பர் எழுந்து நின்றதுதான். பேராசையால் ஏமாறுகிறவன் உண்டு; அவன் சமாசாரம் வேறு. இவரோ விஸ்வாசத்தினால் ஏமாற இருந்தவர். பள்ளிக்கூடத்தில் பிரம்புக்கும், அலுவலகத்தில் மேலதிகாரியின் மணியோசைக்கும், தாலுகா அலுவலகச் சாளரத்தில் "நாளை வா" என்ற சொல்லுக்கும் ஏன் என்று கேளாமல் கட்டுப்பட்டுப் பழகிய ஒரு ஜீவன், காக்கிச் சட்டையைக் கண்டதும் எழுந்து நிற்காமல் வேறென்ன செய்யும்? திருடன் புதிதாகப் பூட்டை உடைக்கவில்லை. பல தலைமுறைகளாக நாமே செய்து வைத்திருந்த சாவியை எடுத்துத் திறந்தான்.

இத்தனைக்கும் நம் நாட்டுச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. கைது எப்படி நடக்க வேண்டும் என்பதை டி.கே. பாசு வழக்கில் 1996ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் விரித்துரைத்திருக்கிறது. கைது செய்ய வரும் காவலர் தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் பட்டையை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தவர் ஒருவரோ, அந்தப் பகுதியின் கண்ணியமான மனிதர் ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். உற்றாருக்குத் தகவல் போக வேண்டும். நியாயமான அதிகாரம் தன் பெயரை முதலில் சொல்லிவிட்டு, உன் வீட்டாரைக் கூப்பிடு என்கிறது. திருட்டு அதிகாரம் உன் பெயரை முதலில் சொல்லிவிட்டு, வீட்டாரிடம் சொல்லாதே என்கிறது. இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் நண்பர் உட்கார்ந்தே இருந்திருப்பார். ஆனால் 35 வருஷ அரசாங்க சேவையில் யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை.

சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை என்பதோடு, விலாசமும் வங்கி விவரமும் அயலானிடம் போகாமல் காக்கும் அந்தரங்கம் என்பது ஓர் உரிமைதானா என்பதிலேயே நியாயஸ்தலங்களுக்கு நெடுங்காலம் சந்தேகம் இருந்தது. உத்தரப் பிரதேசத்தில் கொள்ளை வழக்கு ஒன்றில் சாட்சியம் இல்லாமல் விடுவிக்கப்பட்ட கரக் சிங் என்பவரின் வீட்டுக் கதவைப் போலீசார் நள்ளிரவுகளில் தட்டி, ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வழக்காடினார். 1962இல் உச்ச நீதிமன்றம் அந்த நள்ளிரவு விஜயங்களை ரத்து செய்தது; ஆனால் அந்தரங்க உரிமை அரசியல் சாசனத்தில் இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். இருக்கிறது என்று மாறுபட்டு எழுதியவர், முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் வீற்றிருந்த சுப்பாராவ். அவர் பக்கம் நியாயம் சாய 55 ஆண்டுகள் பிடித்தன. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி, ஆதாரை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள்.

உரிமை கிடைத்துவிட்டது, ஜெராக்ஸ் கடைக்கு இன்னும் செய்தி எட்டவில்லை. தங்கும் விடுதியானாலும், திருமண மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் இடமானாலும், "ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு குடுங்க" என்கிறார்கள். நாமும் வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டுவதுபோல் நீட்டுகிறோம். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், கண்ட இடத்தில் நகல் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. நல்ல புத்திமதி! ஆனால் இரண்டே நாளில் அது வாபஸ் பெறப்பட்டது. தவறாகப் பொருள் கொள்ளப்படலாமாம். வழக்கமான விவேகத்தோடு நடந்துகொண்டால் போதும் என்றார்கள். அந்த வழக்கமான விவேகத்தை ஒரு சாளரத்தின் முன் நானே பிரயோகித்துப் பார்த்தேன். எதற்காக நகல் என்று கேட்டதற்கு, எழுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என் காகிதங்களை அடுக்கின் அடியில் செருகினார். அன்று பகல் முழுவதும் அங்கேதான் கழிந்தது.

இதைச் சொன்னால், ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம் என்று கேட்பவர்கள், மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்ற பழமொழியையும் துணைக்கு அழைக்கிறார்கள். பழமொழியைச் சற்று நின்று பார்த்தால் அது அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. மடியில் கனத்தோடு போகிறவன் திருடன் அல்லன். உழைத்துச் சேர்த்த காசை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு ஊர் திரும்பும் வழிப்போக்கன். என் நண்பரின் ஓய்வூதியம் அப்படிப்பட்ட கனம்தான். அந்த முடிச்சைக் காப்பதற்கென்று 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆனால் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களைக் காட்டி, தன் அமைப்புகளில் எதற்கு வேண்டுமானாலும் அதிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு அதே சட்டத்தில் தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. அறியாத அழைப்புகளை நம்பாதீர்கள், யாராயிருந்தாலும் கேள்வி கேளுங்கள், ஏமாந்தால் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள் என்று அரசாங்கம் தினமும் பிரஜைகளுக்கு உபதேசிப்பது மெத்தச் சரி. சாளரத்தில் கேள்வி கேட்டவனைப் பகல் முழுதும் நிற்க வைத்துவிட்டு, செல்பேசியில் மட்டும் அவன் திடீரென்று தைரியசாலியாகிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

நண்பரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் செல்பேசி மணியடித்தது. இம்முறை அவர் எழுந்திருக்கவில்லை. சாய்வு நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டு, "உங்க பேர் என்ன? எந்த ஆபீஸ்? என்ன விஷயமா? எதுவானாலும் எழுத்தில அனுப்புங்க" என்று கருவூலக் குரலில் கேட்டார். மறுமுனையில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன். லிப்ட் வேலை செய்யவில்லையாம். நோட்டில் பெயர் எழுதிவிட்டுக் கீழேயே நிற்கிறானாம்.