வளைகாப்பு கேக்கில் எந்தப் பூ வைக்கலாம்?

‘‘மகளுக்கு 7-ம் மாத வளைகாப்பு. கேழ்வரகில் முட்டையில்லாத கேக் செய்து, பூக்களால் அலங்கரிக்க ஆசை. விற்பனைக்கும் செய்யலாமா?’’
- வாசகி ஒருவர், மாடம்பாக்கம், தாம்பரம்.

‘‘தாராளமாகச் செய்யலாம். கேழ்வரகில் குளூட்டன் என்ற பசைத்தன்மை இல்லாததால், தனியாகச் செய்தால் கேக் உதிர்ந்துவிடும். எனவே, கேழ்வரகு மாவு, கோதுமை மாவு தலா ஒரு கப் எடுத்து, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்துச் சலிக்கவும். ஒரு கப் நாட்டுச்சர்க்கரை, ஒரு கப் தயிர், அரை கப் எண்ணெய், முக்கால் கப் பாலை அடித்துக் கலக்கவும். 180 டிகிரி சூட்டில் 35 முதல் 40 நிமிடங்கள் வேகவிடவும். குச்சியால் குத்தினால் மாவு ஒட்டக் கூடாது.

அலங்காரத்தில்தான் கவனம் தேவை. அரளிப்பூ நச்சுத்தன்மை உடையது. கேக் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கடை ரோஜாவில் பூச்சிக்கொல்லி எச்சம் இருக்கலாம். மருந்து தெளிக்காமல் வீட்டில் வளர்த்த பன்னீர் ரோஜா இதழ்களே நல்லது. கண்ணாடி வளையல்களைக் கேக்கில் செருகாமல், தட்டைச் சுற்றி அடுக்குங்கள். ஒரு சில்லு உடைந்து விழுந்தாலும் ஆபத்து. நம் ஊர் வெயிலில் வெண்ணெய் கிரீம் உருகிவிடும். மாதுளை முத்துகளும் உலர் திராட்சையும் போதும். டூட்டி ஃப்ரூட்டி பெரும்பாலும் பப்பாளிக்காயில் தயாராவது. வீட்டுப் பெரியவர்கள் சங்கடப்பட்டால், தவிர்த்துவிடலாம்.

நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான். மகளுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரைநோய் இருந்தால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

விற்பனை செய்வதென்றால், வீட்டில் தயாரித்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வது கட்டாயம். ஆண்டு விற்பனை குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால், உரிமம் தேவையில்லை. எளிய பதிவுச் சான்றே போதும். இணையதளம் மூலமாகவே விண்ணப்பிக்கலாம்.’’