ஈரலுக்கு வான் கதவு கிடையாது

"உடம்பு சோர்ந்தால் இரும்புக் குளிசை போடுங்கள். கூடிப்போனாலும் பயமில்லை. கந்தளாய்க் குளம் நிரம்பினால் வான் பாய்கிற மாதிரி, மிச்ச இரும்பை ஈரல் வெளியே தள்ளிவிடும்." கந்தளாய்ப் பக்கம் மேடைகளில் தாய்மாருக்குச் சொல்லப்படும் இந்த அறிவுரை அடி முதல் நுனி வரை பிழை. நம்பி நடப்பவரின் உயிரோடு விளையாடும் பிழை என்பதால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

முதலில் அந்தக் குளத்து உவமை. குளத்துக்கு வான் உண்டு. மனித உடம்புக்கு இரும்பை வெளியேற்ற அப்படியொரு வழியே இல்லை. உதிரும் குடல், தோல் கலங்களோடு நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் போகும். பெண்களுக்கு மாதவிடாயில் இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். ஈரலால் முடிந்தது உள்வரும் வழியை அடைப்பது மட்டுமே.

அதை எப்படிச் செய்கிறது? ஈரலின் நுண்குழாய்களின் உட்சுவரை ஆக்கும் கலங்கள் இரும்பு கூடுவதை உணர்ந்து பி.எம்.பி.6 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது ஈரற்கலத்தின் ஏற்பியில் ஒட்டியதும் ஸ்மாட் புரதங்கள் கருவுக்குள் போய், 19ஆம் நிறமூர்த்தத்திலுள்ள ஹாம்ப் மரபணுவை முடுக்கிவிடுகின்றன. அந்த மரபணு தருவது ஹெப்சிடின், வெறும் 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஓமோன். குடற்கலத்திலிருந்து குருதிக்கு இரும்பை விடும் பெரோபோர்ட்டினைப் பிடித்து அழிப்பது அதன் வேலை. "காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போட்டால் இரட்டிப்புப் பலன்" என்ற வாதமும் இங்கேயே உடைகிறது. 60 மில்லிகிராம் இரும்பு உள்ளே போனாலே ஹெப்சிடின் ஏறி, ஒரு நாள் வரை அடுத்த குளிசையின் உறிஞ்சலைக் குறைக்கிறது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது.

தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோயில் இந்தக் காவலே கெட்டுப்போகிறது. செங்குருதிக் கலங்களை ஆக்கித் தோற்கும் என்புமச்சை, 2014இல் கண்டறியப்பட்ட எரித்ரோபெரோன் என்ற ஓமோனைச் சுரந்து பி.எம்.பி.6இன் வாயை அடைக்கிறது. ஹாம்ப் அடங்குகிறது. உடம்பில் இரும்பு நிரம்பி வழியும்போதே குடல் மேலும் மேலும் உறிஞ்சுகிறது. 2015இல் 'பிளட்' ஆய்விதழில் வந்த கட்டுரைக்குச் சான்றானவர்கள் நம் இலங்கை நோயாளிகள்: ஹீமோகுளோபின் ஈ-பீட்டா தலசீமியா உள்ள 69 பேரில் 62 பேருக்கு ஹெப்சிடின் அடங்கிக் கிடந்தது. நோயின்றி மரபணுவை மட்டும் சுமக்கும் பாடசாலைப் பிள்ளைகளிடமும், பீட்டா தலசீமியாக் காவிகளுக்கு அது சற்றுக் குறைந்திருந்தது. காவிக்கும் ஹீமோகுளோபின் குறைவாகவே காட்டும். அவருக்கு இரும்புக் குறைபாடு உண்டா என்று பாராமல் மாதக்கணக்கில் குளிசை கொடுப்பதா வைத்தியம்?

ஈரல் தள்ளிவிடும் என்பவர் குருநாகல் தேசிய தலசீமியா நிலையத்துக்கு ஒருமுறை போய்வரட்டும். அங்கே பிள்ளைகளுக்கு ஏற்றும் ஒவ்வொரு பைக் குருதியோடும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடம்பில் சேருகிறது. அதைக் கழிக்க டெஸ்பரல் மருந்து கொடுப்பதென்றால், தோலுக்கடியில் ஊசி ஏற்றி, சிறு பம்பு மூலம் இரவில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல், வாரத்தில் ஐந்து இரவாவது செலுத்த வேண்டும். ஈரலே கழித்துவிடுமென்றால் அந்தப் பிள்ளைகளுக்கு ஏன் இந்த வேதனை? கழிக்காமல் விட்ட இரும்பு இதயத்திலும் ஈரலிலும் கணையத்திலும் படிந்து ஆளையே கொல்கிறது.

"இரும்புக் குறைபாடுதானே இங்கே அதிகம்" என்பார்கள். குறைபாடு உண்மை, அதற்கு இரும்பே மருந்து என்பதும் உண்மை. கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கும் குளிசையை யாரும் நிறுத்தக் கூடாது. நான் எதிர்ப்பது, பரிசோதனையே தேவையில்லை என்ற பேச்சை. சோர்வு ஒரு அறிகுறி. அதற்குக் காரணம் பல.

தாய்மாரே, இரத்தம் குறைவு என்று சொன்னால், முழுக் குருதிப் பரிசோதனையில் கலங்களின் பருமனையும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் அளவையும் கேளுங்கள். கலங்கள் சிறுத்திருந்தும் பெரிட்டின் குறையவில்லையென்றால், தலசீமியாப் பரிசோதனைக்கு அனுப்பும்படி வைத்தியரிடம் கேளுங்கள். காரணம் தெரியும்வரை, மேடையில் பேசுகிறவரின் சொல்லைக் கேட்டு ஒரு குளிசைகூடக் கூட்டிப் போடாதீர்கள்.