மக்ரூன் யாருடைய சொத்து?

தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கினால் பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை முழுவதும் படித்துவிட்டுத்தான் பிரிப்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்த குமாஸ்தா புத்தி, வேறென்ன. "பாரம்பரியச் சுவை" என்று போட்டிருக்கும். "மூன்றாம் தலைமுறை" என்று போட்டிருக்கும். அதில் எனக்குத் தகராறு இல்லை. "எங்கள் குடும்ப ரகசியம்" என்று சில இடங்களில் சொல்கிறார்களே, அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, அண்டிப்பருப்பு. மக்ரூனில் இருப்பது இவ்வளவுதான். ஆலந்தலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். மூன்றே சாமான் போட்டுச் செய்கிற பண்டத்தில் ரகசியம் எங்கே ஒளிந்திருக்கிறது?

பெயரிலிருந்தே தொடங்குகிறேன். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பெண் எடுத்த ஊர் ஆலந்தலை. ரிட்டையர் ஆனபின் இங்கேயே தங்கிவிட்டேன். பிரெஞ்சுக்காரர்கள் 'மக்கரோன்' என்பார்கள். அவர்களுக்கு அந்தச் சொல் இத்தாலியிலிருந்து வந்தது. மளிகைக் கடையில் பாக்கெட்டில் தொங்குகிற மக்ரோனியும் அதே வேரில் பிறந்த தம்பிதான். ஒன்று இனிப்பு, ஒன்று சேமியா மாதிரி. அண்ணன் தம்பி இப்படி இருப்பது குடும்பங்களில் புதிதல்ல. அங்கே பாதாம் பருப்பில் செய்வார்கள். நம் கடற்கரைக்குப் பாதாம் எங்கே வரும்? பிரேசிலிலிருந்து முந்திரி மரத்தைக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். அவர்களோடு 1542-ல் சவேரியாரும் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கவர்னர் பெயர், பாதிரியார் பெயர், கப்பல் பெயர் எல்லாம் பதிவேட்டில் உண்டு. அடுப்படியில் நின்றவன் பெயரை எழுதிவைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இத்தாலி என்றதும் ரோமாபுரியில் நடந்த ஒரு கடைக் கதை ஞாபகம் வருகிறது. ஆல்ஃபிரெடோ தி லெலியோ என்று ஒருவர். 1908-ல் அவர் மனைவிக்குக் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, சோறு தண்ணி இறங்கவில்லை. நாடா மாதிரி தட்டையாக வெட்டிய கோதுமைச் சேவையில் வெண்ணெயையும் பாலாடைக் கட்டித் தூளையும் போட்டுப் புரட்டிக் கொடுத்தார், அந்தம்மா சாப்பிட்டாள் என்று அந்தக் குடும்பம் சொல்கிறது. 1914-ல் சொந்தமாகக் கடை திறந்தார். அதே பண்டம்தான் புகழ்பெற்றது. ஹாலிவுட் நட்சத்திரங்கள் மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் 1927-ல் அவருக்குத் தங்கத்தில் ஸ்பூனும் முள்கரண்டியும் கொடுத்தார்கள்.

யுத்தம் வந்தது. 1943-ல் கடையைத் தன்னிடம் பரிமாறும் வேலை பார்த்த இரண்டு பேருக்கு விற்றுவிட்டார். யுத்தம் முடிந்து 1950-ல் மகனைச் சேர்த்துக்கொண்டு வேறொரு இடத்தில் புதுக்கடை போட்டு, "உண்மையான ஆல்ஃபிரெடோ" என்று பலகை மாட்டினார். அதைப் பிறகு பேரப்பிள்ளைகள் நடத்தினார்கள். பழைய கடை அந்த வேலைக்காரர்களின் குடும்பங்களிடம் நிலைத்தது. ஒருவருக்கு ரத்தம் சாட்சி, இன்னொருவருக்குக் கட்டடம் சாட்சி. எது அசல்? என்னைக் கேட்டால் இரண்டும் அசல்தான். வெண்ணெயும் கட்டியும் சேவையும் எந்த நேரத்தில், எந்தச் சூட்டில் சேர வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் இரண்டு கடையிலும் இருந்தார்கள். பத்திரம் பதிவு செய்தால் கடை கைமாறும். கைப்பக்குவத்தைப் பதிவு செய்ய எந்த சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸும் இல்லை.

பிரான்சில் நான்சி என்று ஒரு ஊர். அங்கே மக்ரூனுக்கே இப்படி ஒரு கதை உண்டு. புரட்சியின்போது, 1792-ல், மடங்களைக் கலைத்தார்கள். போக்கிடம் இல்லாத இரண்டு கன்னியாஸ்திரிகள் மடத்தில் செய்து பழகிய மக்ரூனைச் செய்து விற்றுப் பிழைத்தார்கள். பிள்ளை குட்டி இல்லாதவர்கள். ஆனாலும் அந்தச் செய்முறை கைமாறிக் கைமாறி இன்றுவரை அங்கே விற்பனையில் இருக்கிறது. 1952-ல் அவர்கள் பெயரையே அந்தத் தெருவுக்கு வைத்தார்கள். கடைகளில் இப்போது கலர் கலராக, நடுவில் க்ரீம் வைத்து விற்கிறார்களே, அந்த வகை அல்ல அது. மேலே வெடிப்பு விட்ட, சாயம் போடாத, எளிய பண்டம்.

இனி தூத்துக்குடிக்கு வருகிறேன். என் சகலை அங்கே ஒரு பேக்கரியில் மக்ரூன் மாஸ்டராக இருபத்தெட்டு வருஷம் இருந்தார். அவர் சொல்லித்தான் எனக்கு இந்த வேலை எவ்வளவு பெரியது என்று தெரியும். முட்டை உடைக்கும்போது மஞ்சள் கரு ஒரு பொட்டு விழுந்தாலும் நுரை எழும்பாது. பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அதே கதிதான். நுரை எழும்ப எழும்பச் சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும். ஆனால் அந்தப் பதத்தைத் தாண்டியும் அடித்துவிடக் கூடாது. "அண்ணே, மெஷின் சத்தம் மாறும், அப்ப நிறுத்தணும்" என்பார். எப்படி மாறும் என்று கேட்டால் சிரிப்பார். பிறகு பருப்புப் பொடியை நுரை அமுங்காமல் கையாலேயே கலக்க வேண்டும். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டித் தட்டில் பிழிய வேண்டும். ரொட்டி எடுத்தபிறகு அடங்கியிருக்கிற சூட்டில் மணிக்கணக்காக வைக்க வேண்டும். வேகவைப்பது என்பதைவிட உலர்த்துவது என்றே சொல்லலாம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலேயே தண்ணீர் இருக்கும். அப்போது எல்லாக் கணக்கும் மாறும். தூத்துக்குடிக் கடல் காற்றுதான் மக்ரூனுக்கு ருசி என்று சொல்பவர்களைக் கண்டால் சகலைக்குக் கோபம் வரும். "அந்தக் காத்தோட மல்லுக்கட்டித்தான் நாங்க செய்யிறோம்" என்பார்.

ரகசியம் இருப்பது அந்தக் காதிலும் கையிலும்தான். அது முதலாளி வீட்டுப் பீரோவில் இல்லை.

கடற்கரைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதே இல்லை. முத்துக்குளிப்பில் மூச்சைப் பிடித்து இறங்குவதும், படகில் கயிறு பிடிப்பதும் எந்தப் புத்தகத்தில் இருந்தது? மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள், அக்கா தாலிக்கு அவன்தான் காவல் என்பார்கள். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. அறுபது வருஷம் தாண்டிவிட்டது. சங்கு குளிக்கிறவர்கள் இருப்பதால் மூச்சு பிடிக்கும் வித்தையாவது மிஞ்சியது. மக்ரூன் மாஸ்டர்களுக்கு அப்படி ஒரு சங்கு கிடையாது.

முதலாளி குடும்பங்களை நான் குறை சொல்லவில்லை. முட்டை விலை, பருப்பு விலை, கடன், வட்டி, கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பலுக்குப் போன மகன், இத்தனைக்கும் நடுவில் கடையைத் திறந்து வைத்திருப்பது பெரிய காரியம். இடத்தைச் செல்போன் கடைக்கு வாடகைக்கு விட்டால் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம். அப்படிச் செய்யாமல் நிற்கிறவர்களுக்கு ஊர் கடமைப்பட்டிருக்கிறது. பருப்பு விலை ஏறும்போது வேர்க்கடலையைக் கலக்காமல் இருக்கிறவர்களுக்கு இன்னும் அதிகமாக. ஆனால் "தலைமுறை" என்று எண்ணும்போது ஏன் முதலாளி, மகன், பேரன் என்று மட்டும் எண்ண வேண்டும்? அந்த மூன்று பேரில் ஒருவராவது வெள்ளைக்கரு அடித்திருக்கிறாரா என்று பல கடைகளில் கேட்கவேண்டியிருக்கிறது. அடித்தவர், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர், அவருக்கு முன்னால் நின்றவர் என்று எண்ணினால் அதுவும் மூன்று தலைமுறைதானே.

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023-ல் உடன்குடி கருப்பட்டிக்கும் கிடைத்தது. மக்ரூனுக்கும் வேண்டும் என்ற பேச்சு உண்டு, வரட்டும், நல்லதுதான். இருந்தாலும் அந்த 1999-ம் வருஷத்துச் சட்டத்தில் 'உற்பத்தியாளர்' யார் என்று விளக்கியிருப்பதைப் படித்துப் பார்த்தேன். தயாரிப்பவர் வருகிறார். வாங்கி விற்கிறவரும் அதற்குள் வருகிறார். கூலிக்கு அடுப்படியில் நிற்கிறவருக்கென்று தனியாக ஒரு சொல் இல்லை. ஊர்ப் பெயருக்குப் பாதுகாப்பு கிடைக்கும். ஊரின் கைக்கு?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கடையில் தாத்தா படம் மாலையோடு இருக்கட்டும். பக்கத்தில் மாஸ்டர் படம் ஒன்று, மாலை இல்லாமல், அவர் உயிரோடு இருக்கும்போதே. அவர் கீழே சம்பளத்தோடு இரண்டு பேர் கற்றுக்கொள்ளட்டும். கற்றவன் நாளைக்கு எதிர்த்த தெருவில் கடை போட்டுவிடுவான் என்ற பயம் எனக்கும் புரிகிறது. போடட்டுமே. ரோமாபுரியில் இரண்டு ஆல்ஃபிரெடோவும் பட்டினி கிடக்கவில்லை.

சகலை இப்போது ஆலந்தலையில் வீட்டில்தான் இருக்கிறார். ரொட்டி அடுப்பு இல்லை. மகள் வாங்கிக் கொடுத்த சின்ன ஓவன்தான் இருக்கிறது. கற்றுக்கொள்ளப் பையனோ பெண்ணோ யார் வந்தாலும் சொல்லிக்கொடுக்கத் தயார் என்கிறார். பணம் வேண்டாமாம். முட்டை, சீனி, பருப்பு மட்டும் கொண்டுவர வேண்டும். மழைக்காலத்தில் வராதீர்கள், தை பிறந்ததும் வாருங்கள் என்று சொல்லச் சொன்னார்.