அடுப்பான தலைகள்

மதுரையில் சங்கத்தமிழ் பேச வரும் எவரும் பத்து நிமிஷத்துக்குள் ‘வீரம்’ என்ற சொல்லுக்கு வந்துவிடுவார்கள். பட்டிமன்றமோ, கல்லூரி ஆண்டுவிழாவோ, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸோ, தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் வந்து நிற்பான். சின்ன வயசு. எதிரே சேரன், சோழன், கூடவே ஐந்து வேளிர். ஏழு பேரையும் ஜெயித்தான். கைதட்டல். அந்தக் கைதட்டலோடுதான் எனக்குச் சண்டை.

அவனுடைய புலவர் மாங்குடி மருதனார் அந்தக் களத்தை எப்படிக் காட்டுகிறார் என்பதை மேடையில் முழுசாகச் சொல்வதில்லை. மதுரைக்காஞ்சியில் போர்க்களம் ஒரு சமையல்கட்டு. வெட்டுண்ட தலைகள் அடுப்பு. ரத்தம் உலையில் கொதிக்கிறது. தொடி போட்ட கை துடுப்பு. புறநானூறு 26ஆம் பாடலிலும் இதே சமையல்தான். இதற்குக் களவேள்வி என்று பெயர். பரீட்சையில் ‘உருவகம்’ என்று எழுதினால் இரண்டு மார்க். துடுப்பான அந்தக் கை யாருடையது என்ற கேள்வி சிலபஸில் கிடையாது.

பிணத்தைப் பார்த்தால் குமட்டும், சோற்றைப் பார்த்தால் பசிக்கும். உருவகம் செய்யும் வேலை இதுதான். இன்னொரு பழக்கம், போர்க்களத்தை நெற்களமாகப் பாடுவது. மேலூர், சோழவந்தான் பக்கம் களத்துமேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கதிரடிப்பு எவ்வளவு சந்தோஷமான காரியம் என்று. அந்தச் சந்தோஷத்தை அப்படியே தூக்கிக் கொலைக்களத்தில் வைத்தால், வெட்டியவன் உழவனாகிவிடுகிறான். நெல்லுக்காக யாராவது அழுவார்களா?

யாப்பையும் கவனியுங்கள். மதுரைக்காஞ்சி 782 அடி, பத்துப்பாட்டிலேயே நீளமானது. பகைவர் நாடு அழிந்ததைச் சொல்லும் பகுதி குட்டிக் குட்டி வஞ்சியடிகளில், படை நடப்பதுபோல ஓடுகிறது. மாடு அடைந்த இடத்தில் காட்டு விலங்கு தங்குகிறது. ஊர் இருந்த இடம் பாழ். பெண்கள் ஆட்டத்தை மறந்துவிட்டார்கள். பெரியவர்கள் கூடிப் பேசிய பொதுவிடத்தில் பேய்மகளிர் உலாவுகிறார்கள். எச்சத்துக்கு மேல் எச்சமாக அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் முற்றுவினை வரும்போது எழுவாய் யார்? பகைவர் நாடு. அது பாழாயிற்றாம்! வேறு இடத்தில் தீ பரப்பியவன் மன்னன்தான் என்று மருதனார் நேராகவே சொல்கிறார், மறைக்கவில்லை. ஆனால் அழிவை இவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்க்கும் இடத்தில் நம் காது தாளத்தோடு போய்விடுகிறது.

எங்கள் சாஃப்ட்வேர் தொழிலில் அப்ஸ்ட்ராக்ஷன் என்பார்கள். உள்ளே நடப்பதை மூடி, வெளியே ஒரு பெயர் மட்டும் தெரியும்படி வைப்பது. தொல்காப்பியம் வஞ்சித்திணையில் ‘எரிபரந்தெடுத்தல்’ என்று ஒரு துறை வைத்திருக்கிறது. பகைவர் ஊரைக் கொளுத்துவதுதான் அது. பெயர் வைத்தாயிற்று, இனி அது மன்னனின் தகுதிகளில் ஒன்று.

மருதனார் மோசமான கவி என்று நான் சொல்லவில்லை. மகா கெட்டிக்காரர், பிரச்சினையே அதுதான். ஜெயிக்காவிட்டால் மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்று நெடுஞ்செழியனே வஞ்சினம் சொல்கிறான் (புறம் 72). பாட்டு அவனுக்கு வெற்றியின் கூலி.

‘அது அந்தக் காலம் சார், இன்றைய அளவுகோலை வைக்காதீர்கள்’ என்பார்கள். சரி, அந்தக் கால அளவுகோலையே வைப்போம். மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இடறவைக்கக் கிள்ளிவளவன் நிறுத்தியபோது, கோவூர் கிழார் நடுவே புகுந்து தடுத்துப் பாடினார் (புறம் 46). அந்தப் பாட்டில் பிள்ளைகள் நெல்லும் இல்லை, சோறும் இல்லை. யானையை வேடிக்கை பார்த்து அழுகையை மறந்த சின்னஞ்சிறுசுகள். காருண்யம் அந்தக் காலத்திலும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

புறநானூறு 112ஐ எடுத்துக்கொள்ளுங்கள், பாரி மகளிர் பாட்டு. பறம்பை முற்றிய மூவேந்தரில் பாண்டியனும் ஒருவன். பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலை மதுரையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். அடுப்பு, துடுப்பு, களம் எதுவும் அந்தப் பெண்களுக்குத் தேவைப்படவில்லை. போன மாத நிலா, இந்த மாத நிலா, இடையில் போய்விட்ட குன்றும் அப்பாவும், ஜெயித்தவர்களின் முரசு. ஐந்தே அடி. மதுரை மேடை எதிலாவது இதைப் போர்க்கவிதை என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ‘கையறுநிலை’ என்று தனி டப்பாவில் போட்டு மூடிவைத்திருக்கிறோம்.