வருமானம் இல்லாத லேத்து

வீட்டில் லேத்து வைத்திருக்கிறேன் என்று சொன்னால் தாம்பரத்தில் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: "ஜாப் எடுக்கிறீங்களா சார்?" இல்லை என்றால் கேட்டவர் முகத்தில் லேசான பரிதாபம். வீணை வாங்கியவரிடம் கச்சேரி உண்டா என்று யாரும் கேட்பதில்லை. கேமரா வாங்கியவர் கல்யாணம் எடுக்காவிட்டாலும் ஊர் மன்னித்துவிடுகிறது. லேத்து மட்டும் சம்பாதித்தே ஆக வேண்டும்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் பக்கம் லேத்து என்பது முதல் போட்டு வாங்குகிற பொருள். நகை அடகு வைத்து வாங்கிய ஆறடி லேத்து, ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர், ஒற்றை ஷட்டர் கடை என்று பம்மல், நாகல்கேணி சந்துகளில் எத்தனையோ குடும்பங்கள் ஓடுகின்றன. இரும்பைத் தொடும் வேலை இங்கே பிழைப்பு. பல தலைமுறைகளுக்கு அது சாதியும்கூட. பையன் கையில் கிரீஸ் படாமல் இருக்கத்தானே படிக்கவைத்தோம் என்று நினைக்கும் வீடுகளில், ஆபீசிலிருந்து வந்து அரத்தை எடுத்துக்கொண்டு உட்காருகிறவனை என்னவென்று சொல்வது?

இங்கிலாந்தில் இந்தக் கிறுக்கு நூற்றாண்டு கடந்தது. பெர்சிவல் மார்ஷல் என்பவர் 1898-லேயே இதற்கென்று 'மாடல் எஞ்சினியர்' பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். பகலில் கணக்கு எழுதியவர்கள் இரவில் தோட்டத்துக் கொட்டகையில் நீராவி எஞ்சின் கடைந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நாட்டிங்ஹாம் பக்கத்து மைஃபோர்டு கம்பெனி எம்.எல்.7 என்ற சின்ன லேத்தைக் கொண்டுவந்தது. அது கொட்டகைக்காரர்களின் செல்லப்பிள்ளை ஆனது. நமக்கு அப்படி ஒன்று அமையவில்லை. பெங்களூரில் 1953-ல் பிறந்த எச்.எம்.டி. அருமையான லேத்துகளைச் செய்தது, ஆனால் தொழிற்சாலைகளுக்கு. அவற்றை வீட்டு வாசலில் இறக்கினால் வாசலே இறங்கிவிடும்.

ஆனாலும் இந்தப் பலனற்ற வேலையைச் செய்ய இந்தியாவிலேயே தோதான இடங்களில் ஒன்று நம் தென்சென்னை புறநகர் என்பது என் கட்சி. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ல் மின்சார ரயில் விட்டார்கள். பிறகு அந்தத் தண்டவாளத்தை ஒட்டியே பட்டறைகளும் படிப்பும் வந்து இறங்கின. கிண்டியில் 1958-ல் தொழிற்பேட்டை. பல்லாவரத்தில் இங்கிலீஷ் எலெக்ட்ரிக். குரோம்பேட்டையில், ஊருக்கே பெயர் கொடுத்த குரோம் லெதர் கம்பெனி ஒரு பக்கம், 1949-ல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி மறுபக்கம். சானடோரியத்தில் 1984-ல் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம். பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை இன்றைய பிள்ளைகள் பழைய படங்களில்தான் பார்த்திருப்பார்கள். 1961-லிருந்து அங்கே செய்தார்கள். பிறகு கெஸல் வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய கார் ஒன்று வந்து, சில வருடங்களில் உற்பத்தியே நின்றது. இப்போது அந்த நிலத்தில் கண்ணாடிக் கட்டடங்கள், உள்ளே கணினிகள். ஒரு கார் தொழிற்சாலை மூடினால் கார் போய்விடும். டர்னர் போகமாட்டார். பத்து வருடத் தவணையில் வாங்கிய மனை பக்கத்தில்தான் இருக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர் இங்கேயேதான் வயதாவார். இப்படிப்பட்ட ஃபிட்டர்களும் டர்னர்களும் டூல் ரூம் ஆட்களும் தெருவுக்கு ஒருவர் அகப்படும் ஊர் இது. இந்தப் பொழுதுபோக்குக்கு மெஷினைவிட முக்கியமான தேவை அவர்கள்தான்.

எனக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற டர்னர். நான் அவரை மாஸ்டர் என்பேன், அவர் என்னை சார் என்பார். கடைசிவரை இருவரும் மாற்றிக்கொள்ளவில்லை. லேத்து வாங்கலாமா என்று கேட்டதற்கு, "முதல்ல ஒரு வைஸ் வாங்குங்க சார்" என்றார். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பையன்களுக்குக் கொடுக்கும் அதே வேலையைத்தான் எனக்கும் கொடுத்தார்: ஒரு எம்.எஸ். இரும்புக் கட்டியை அரத்தால் ராவி, ஆறு பக்கமும் மூலைமட்டத்துக்கு ஒத்துவரும்படி சதுரமாக்க வேண்டும். மூலைமட்டத்தைக் கட்டியின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் ஒளிக்கீற்று தெரியும். அந்தக் கீற்று மறையும்வரை ராவ வேண்டும். இரும்பு மறைத்துவைக்காது, தப்பு எங்கே என்று காட்டிவிடும். தோள்பட்டை வலிக்கிறபோதுதான் தட்டையாக இருப்பது என்பது எவ்வளவு செலவு பிடிக்கிற குணம் என்று தெரிகிறது.

கருவிகளுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. செடி, புறா, பழைய ஃபிரிட்ஜ், செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் தாண்டிப் போனால் சாக்கு விரித்து இரும்பைக் கொட்டி வைத்திருப்பார்கள். மூடிய பட்டறைகளின் டிராயர்கள் அப்படியே கவிழ்ந்தது போல் இருக்கும். அடிசன் டிரில் பிட்டுகள், தேய்ந்த ரீமர்கள், தாடை இல்லாத சக்குகள். இந்த ஊரில் பழைய கருவி தேடியவர்களில் முன்னோடி, புவியியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30 அன்று பல்லாவரத்துச் சரளைக் குழியில் அவர் எடுத்த கல் கைக்கோடரிதான் இந்தியத் தொல்பழங்கால ஆராய்ச்சியையே தொடங்கிவைத்தது. அவர் பேரம் பேச வேண்டியிருக்கவில்லை.

நமக்கு அந்த வசதி கிடையாது, பார்த்துத்தான் வாங்க வேண்டும். வெர்னியர் என்றால் தாடைகளை மூடி வானத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். ஜப்பான் கம்பெனிப் பெயர் பொறித்திருப்பதை நம்ப வேண்டாம், பெயர் பொறிப்பது சுலபமான வேலை. அரத்தைச் சாய்த்துப் பாருங்கள். பல் நுனி மின்னினால் தேய்ந்தது என்று அர்த்தம். டிரில் பிட்டின் காம்பில் எச்.எஸ்.எஸ். என்ற முத்திரை வேண்டும். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோன பிறகு, தெற்கே இருப்பவர்களுக்கு இந்தச் சந்தைதான் பெரிய ஆறுதல். இங்கே கிடைக்காததற்குப் பாரிமுனை இருக்கிறது: லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு.

நாலரை அடி லேத்து பின்னால் வந்தது. குட்டி யானையில் ஏற்றி வந்து, கீழே குழாய்களை உருட்டிக் கடப்பாரையால் நெம்பி, போர்டிகோவுக்குள் நகர்த்தினோம். தெருவே வேடிக்கை பார்த்தது. பழைய லேத்து வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், பெட்டைப் பாருங்கள். சக்குக்குப் பக்கத்தில்தான் எல்லா வேலையும் நடந்திருக்கும், தேய்மானமும் அங்கேதான். டெயில் ஸ்டாக் பக்கம் புத்தம் புதிதாக வழுக்கும். டூலைத் தாங்கும் கேரியேஜை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டினால் கை சொல்லிவிடும்.

அடுத்தது மட்டம் பார்ப்பது. நாலைந்து நூறு கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு முறுக்கிக்கொள்ளுமா என்று கேட்பீர்கள். முறுக்கிக்கொள்ளும். ஒரு காலுக்குக் கீழே தரை கொஞ்சம் இறங்கியிருந்தாலும் பெட் முறுக்கி, நேராகக் கடைந்த ராடு கூம்பாகிவிடும். மாஸ்டர் காட்டிய வழி எளிமையானது. ஒரு தடித்த ராடைச் சக்கில் மட்டும் பிடித்து, நடுப்பகுதியை ஒல்லியாக்கி, இரண்டு கோடியிலும் ஒவ்வொரு வளையம் விட்டுவிட வேண்டும். டூலை அசைக்காமல் இரண்டு வளையத்தையும் ஒரே ஓட்டத்தில் மெலிதாகக் கடைந்து மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். அளவு வித்தியாசப்பட்டால் காலுக்கடியில் தகடு செருகி மறுபடி கடைய வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் துரத்துகிற வேலை. தலைமுடியின் தடிமனே அதைப்போல ஐந்தாறு மடங்கு இருக்கும்.

பழைய லேத்துகளில் இன்னொரு வம்பு, லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கில் இருப்பது. நாடு மெட்ரிக்குக்கு மாறச் சட்டம் போட்டது 1956-ல். பட்டறையில் இன்றும் கம்பியை இரண்டு நூல், மூன்று நூல் என்றுதான் கேட்கிறோம். அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை சரியாக வெட்ட 127 பல் உள்ள கியர் ஒன்று வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஐந்து அங்குலம் சரியாக 127. இந்த எண்ணைவிடச் சின்ன முழு எண்ணில் கணக்கு ஒத்துவராது. அந்தக் கியர் சந்தையில் கிடைத்தால் வாங்கிவிடுங்கள், லேத்து அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

மற்ற விஷயங்களில் வீட்டு லேத்து கேட்பது குறைவு. த்ரீ ஃபேஸ் இல்லாத வீட்டில் சின்ன டிரைவ் ஒன்று மாட்டினால் ஒரு எச்.பி. மோட்டார் சிங்கிள் ஃபேஸில் சாதுவாக ஓடும். கார்பைட் டூல் வேண்டாம். அது பெரிய மெஷின்களின் பலத்துக்கும் வேகத்துக்கும் செய்தது. எச்.எஸ்.எஸ். பிட்டை நீங்களே கிரைண்டரில் தீட்டுங்கள். ஒரு அங்குல எம்.எஸ். ராடுக்கு நிமிடத்துக்கு 350 சுற்று போதும். பித்தளைக்கு எண்ணெய் தேவையில்லை. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய்தான் அமிர்தம். ரேஷனில் அது சொட்டிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. உடுப்பில் மட்டும் சமரசமே கூடாது. லுங்கி கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு, ரப்பர் செருப்பில் லேத்து முன் நிற்கும் காட்சி நம் ஊரில் சாதாரணம். சுற்றுகிற சக்குக்குத் துணி என்றால் அதன் முனை மட்டும் போதும், மீதியை அதுவே இழுத்துக்கொள்ளும். கையுறையும் அப்படித்தான், பாதுகாப்பு என்று நினைத்துப் போடாதீர்கள். கடையும்போது வரும் இரும்புச் சுருளைக் கையால் இழுக்காதீர்கள்.

இங்கே நிரந்தர எதிரி துரு. கடல் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இரவில் துடைத்து வைத்த பெட் காலையில் பழுப்பாகிவிடும். எண்ணெய்த் துணி தினமும் வேண்டும். டூல் பெட்டியில் கற்பூரக் கட்டி போட்டுவைக்கும் வழக்கம் மேல்நாட்டு மெஷினிஸ்டுகளிடமும் உண்டு. வேலை செய்கிறதா என்று அவர்களுக்குள் இன்னும் சண்டை. எங்கள் வீட்டில் பூஜை அறைக்குத் திருடுபோகிறது என்று சண்டை. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டி, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் கீழ்த்தளங்கள் மூழ்கியபோது, தண்ணீரில் நின்ற மெஷின்களைப் பிழைக்கவைத்தவர்கள் காத்திருக்காதவர்கள். நல்ல தண்ணீரால் வண்டலைக் கழுவி, டீசல் அடித்து, ஹெட் ஸ்டாக்கைத் திறந்து எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும். இன்ஷூரன்ஸ்காரர் வரட்டும் என்று பூட்டிவைத்தால் பேரிங் போய்விடும்.

இவ்வளவும் எதற்கு என்றால், கிரைண்டர் புஷ், தையல் மெஷின் திருகு தவிர, ஒரு சின்ன நீராவி எஞ்சின். சிலிண்டரே தொட்டில் மாதிரி ஆடி, தன் துவாரத்தைத் தானே திறந்து மூடிக்கொள்ளும் ரகம், வால்வு கிடையாது. கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கொதிகலன் ஆபத்து, குக்கரில் குழாய் மாட்டும் யோசனையே வேண்டாம். சைக்கிள் பம்ப் காற்றே போதும். பித்தளை சிலிண்டருக்குள் பிஸ்டனைப் பொருத்த மாஸ்டர் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தார். கடைவது, துடைப்பது, சூடு ஆற விடுவது, அளப்பது. நான் பொறுமை இழந்தேன். அவர் சொன்னார்: "வேலைக்குப் போன காலம் முழுக்க ஒரு பீஸுக்கு எத்தனை நிமிஷம்னுதான் சார் கேட்டாங்க."

கூலிக்கு வேலை எடுப்பதில்லை என்று நான் உறுதியாக நிற்பது இதனால்தான். வீட்டுக் கரண்ட்டில் தொழில் செய்தால் மின்வாரியம் கட்டண வகையை மாற்றும் என்பதெல்லாம் பிறகு. கூலி வாங்கினால் நிமிடக் கணக்கு வந்துவிடும். தவிர, ஷட்டர் கடைக்காரர் வாடகை, கரண்ட், பையன் ஃபீஸ் எல்லாம் சேர்த்துத்தான் விலை சொல்கிறார். சம்பளமோ பென்ஷனோ வாங்கிக்கொண்டு பொழுதுபோக்குக்காக அதில் பாதிக்கு புஷ் போட்டுத் தருவது தர்மம் ஆகாது. மோட்டார் ஷாஃப்டோடு வருகிறவரை நான் பம்மலுக்கு அனுப்பிவிடுகிறேன்.

ராஜகீழ்ப்பாக்கம், சிட்லப்பாக்கம் வரை தனி வீடுகள் இடிந்து அடுக்கு வீடுகள் எழும்புகின்றன. மூன்றாம் மாடியில் லேத்து வைக்க அசோசியேஷன் ஒத்துக்கொள்ளாது, தளமும் ஒத்துக்கொள்ளாது. அங்கே இருப்பவர்களுக்கும் மாஸ்டரின் முதல் பாடம் செல்லும். கனமான மரமேஜை, நாலு அங்குல வைஸ், கரடு அரம் ஒன்று, நைஸ் அரம் ஒன்று, மூலைமட்டம். வெள்ளிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் பல்லாவரம் போய்விடுங்கள். கட்டிக்குக் காசு கொடுக்க வேண்டாம். எந்த லேத்துப் பட்டறையிலும் துண்டு இரும்பு கேட்டால் கொடுப்பார்கள், எதுக்கு என்றும் கேட்பார்கள்.