கிணறு வெட்டியவர்களுக்குத் தண்ணீர் எங்கே?

போன வாரம் கல்லூரித் தோழர்கள் சிலர் ஒரு துண்டறிக்கை எழுதி எடுத்துவந்து, படித்துப் பார்க்கச் சொன்னார்கள். எச்.ஐ.வி. மருந்துகளுக்கான ஆய்வுகளை ஏழை மக்களிடம் நடத்துவதை அடியோடு தடை செய்ய வேண்டும் என்பது அதன் கோரிக்கை. கோபம் நியாயமானது. கோரிக்கை தவறானது. அவர்களிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன், ஏனென்றால் இதே தவறை நம்மில் பலர் செய்கிறோம்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. 2009-10இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டார்கள். பெற்றோர் கையெழுத்து இருக்க வேண்டிய படிவங்கள் பலவற்றில் விடுதிக் காப்பாளர்களின் கையெழுத்து இருந்தது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. நம் பிள்ளைகளின் உடம்புக்கு வேறு யாரோ சம்மதம் கொடுக்கிறார்கள் என்றால் கொதிக்காமல் என்ன செய்வது?

ஆனால் கொதிப்போடு நின்றுவிட்டால் போதாது. ஆய்வே வேண்டாம் என்று சொல்வதற்கு முன், ஆய்வு எதைக் கொடுத்தது என்று பார்க்க வேண்டும்.

ஹெர்பீஸ் கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புறுப்பில் புண் உண்டாக்கும் எச்.எஸ்.வி.-2 வகை உலகில் 50 கோடிக்கும் மேற்பட்டவர்களின் உடம்பில் இருக்கிறது. அது இருப்பவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. அதை அடக்கி வைக்கும் அசைக்ளோவிர் மாத்திரையோ மலிவானது. அப்படியானால் ஹெர்பீஸை அடக்கினால் எச்.ஐ.வி. பரவுவதும் குறையுமா? நல்ல கேள்வி. இதற்குப் பதில் தேடி ஆப்பிரிக்காவின் ஏழு நாடுகளில் 3,408 தம்பதிகள் ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். ஒருவருக்கு எச்.ஐ.வி.யும் ஹெர்பீஸும் இருக்கும், துணைவருக்கு எச்.ஐ.வி. இருக்காது. தொற்று உள்ளவர்களில் பாதிப் பேருக்கு அசைக்ளோவிர், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை.

2010இல் முடிவு வெளிவந்தது. புண்கள் 73 சதவீதம் குறைந்தன. ஆனால் எச்.ஐ.வி. பரவல் குறையவில்லை. தம்பதிக்குள் பரவிய 84 தொற்றுகளில் 41 அசைக்ளோவிர் பக்கம், 43 வெற்று மாத்திரைப் பக்கம். மருத்துவர்கள் நம்பியது பொய்த்தது. இது தோல்வியா? இல்லை. அந்தத் தம்பதிகள் ஒத்துழைக்காமல் போயிருந்தால், ஹெர்பீஸ் மாத்திரையைக் கொடுத்துவிட்டு எச்.ஐ.வி.யைத் தடுத்துவிட்டோம் என்று அரசுகள் கணக்குக் காட்டியிருக்கும். விலை அதிகமான எச்.ஐ.வி. மருந்தைத் தராமல் தட்டிக்கழிக்க அது வசதியான சாக்காகவும் ஆகியிருக்கும்.

அடுத்த ஆய்வு நம் ஊருக்கே வந்தது. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகள். சென்னையும் புனேயும் அதில் இரண்டு மையங்கள். அன்றைக்கு எச்.ஐ.வி. உள்ளவருக்கு நோய் எதிர்ப்பு அணுக்கள் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்வரை மருந்து தர மாட்டார்கள். உடனே தந்தால் துணைவருக்குப் பரவாதா என்பதுதான் கேள்வி. 2011 மே மாதம் முடிவை முன்கூட்டியே வெளியிட்டு எல்லோருக்கும் மருந்து தர முன்வந்தார்கள், ஏனென்றால் பதில் அவ்வளவு தெளிவாக இருந்தது. தம்பதிக்குள் பரவிய 28 தொற்றுகளில் 27 காத்திருந்தவர்கள் பக்கம், ஒன்றே ஒன்று உடனே மருந்து பெற்றவர்கள் பக்கம். 2015இல் உலக சுகாதார நிறுவனம், தொற்று உறுதியானவுடன் எல்லோருக்கும் மருந்து என்றது. 2017இல் இந்தியாவும் ஏற்றது. இன்று நம் ஊர் ஏ.ஆர்.டி. மையத்தில் யாரும் காத்திருக்காமல் மருந்து வாங்குகிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் அந்த 27 பேர் இருக்கிறார்கள். தடை கேட்கும் துண்டறிக்கை இவர்களை ஏமாந்த எலிகள் என்று சொல்லாமல் சொல்கிறது. அவர்கள் எலிகள் அல்லர். இந்த அறிவைக் கட்டியவர்கள்.

அப்படிக் கட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது? நம் கோபம் திரும்ப வேண்டிய திசை இதுதான்.

நம் தாத்தா பாட்டிகளைக் கேளுங்கள். ஊர்க் கிணற்றை வெட்டியது யார்? தூர் வாரியது யார்? தண்ணீர் ஊறியதும் தள்ளி நில் என்று யாரிடம் சொன்னார்கள்? இந்தக் கதை இன்று மருந்து உலகில் காப்புரிமை என்ற பெயரில் நடக்கிறது.

லெனகாபவிர் என்று ஒரு ஊசி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டால் எச்.ஐ.வி. தொற்றாமல் காக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் இதைப் பெற்ற 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. அடுத்த ஆய்வில் பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு நாட்டு மக்களும் கலந்துகொண்டார்கள். 2024 அக்டோபரில் கிலியட் நிறுவனம் மலிவு விலைத் தயாரிப்புக்கு 120 நாடுகளின் பட்டியலை வெளியிட்டது. பட்டியலில் இந்த நான்கு நாடுகளும் இல்லை! உடம்பைக் கொடுத்தவர்களைக் கிணற்றடியிலிருந்து விலக்கி வைத்தார்கள்.

அமெரிக்காவில் இந்த ஊசிக்கு 2025இல் வைத்த விலை ஆண்டுக்கு 28,218 டாலர். அதே ஆண்டு ஐதராபாத்தின் இரண்டு நிறுவனங்கள் 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தருவதாக அறிவித்தன. ஏறத்தாழ 700 மடங்கு வித்தியாசம். ஆராய்ச்சிக்குச் செலவு இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் பணம் போட்டவர் பெயர் மட்டுமே இருக்கிறது, உடம்பைப் போட்டவர் பெயர் இல்லை. விரும்பித்தானே கையெழுத்துப் போட்டார்கள் என்பார்கள். ஆய்வில் சேர்ந்தால்தான் ஒரு மருத்துவர் தொட்டுப் பார்ப்பார் என்ற நிலையில் இருப்பவரின் விருப்பம் எவ்வளவு விருப்பம்?

இதை மாற்ற முடியுமா? மாற்றியிருக்கிறார்கள். எச்.ஐ.வி. கூட்டு மருந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற காலத்தில், மலிவு மருந்துக்கு வழிசெய்யும் சட்டம் போட்டதற்காகத் தென்னாப்பிரிக்க அரசின் மீது 39 மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்தன. டிரீட்மென்ட் ஆக்ஷன் கேம்பெயின் என்ற இயக்கம் குடிசைப் பகுதிகளில் வைரஸ் என்றால் என்ன, மருந்து எப்படி வேலை செய்கிறது, காப்புரிமை என்றால் என்ன என்று வகுப்பு நடத்தியது. படித்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2001இல் நம் நாட்டின் சிப்லா அதே கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருவதாகச் சொன்னது. ஏப்ரலில் நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. அண்ணல் அம்பேத்கர் கல்வியை முதலில் வைத்ததன் பொருள் இதுதான், தோழர்களே.

ஆகவே துண்டறிக்கையைக் கிழிக்க வேண்டாம், திருத்தி எழுதுங்கள். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகள் பொதுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இணையத்தில் யாரும் பார்க்கலாம். உங்கள் மாவட்டத்தில் என்ன நடக்கிறது என்று முதலில் அதைப் பாருங்கள். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வு முடிந்த பிறகும் பங்கேற்றவருக்கு மருந்தை நிறுவனம் இலவசமாகத் தர வழி இருக்கிறது. ஆனால் ஆய்வு மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும், நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும், வேறு மருந்து இல்லாதிருக்க வேண்டும். பங்கேற்றவரின் தெருவுக்கும் ஊருக்கும் அதில் எந்த உரிமையும் இல்லை. அந்த உரிமையைக் கேளுங்கள். ஆய்வு நடந்த நாட்டுக்கும் சமூகத்துக்கும் கட்டுப்படியாகும் விலையில் மருந்து தருவோம் என்று முதல் ஊசி போடுவதற்கு முன்பே நிறுவனம் எழுதித் தர வேண்டும் எனக் கேளுங்கள்.

இன்னொன்று. ஏழு பேருக்குக் குறையாத அந்த நெறிமுறைக் குழுவில் பொதுமக்களில் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது விதி. உங்கள் ஊர் மருத்துவக் கல்லூரியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார்? எந்தத் தெருவிலிருந்து வந்தவர்? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேளுங்கள். பதில் வந்ததும் அதோடு வாருங்கள், துண்டறிக்கையைச் சேர்ந்தே எழுதுவோம்.

ஜெய்பீம்.