கணக்குக்கு ஒரு சீருடை



கொத்மலைப் பக்கத்தில் கணவர் சிறு தோட்டக்காரரிடம் கொழுந்து சேர்த்துத் தொழிற்சாலைக்கு அனுப்ப, வீட்டிலிருந்து கணனியில் கணக்கு எழுதும் சகோதரி ஒருவர் தம் எக்ஸல் கோப்பைக் காட்டினார். நாளுக்கொன்றாக மாதத்துக்கு 31 தாள்கள். கிலோ, முற்பணம், நிலுவை என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் கையாலேயே நிறமும் எழுத்தும் மாற்றிக் களைத்துப் போயிருந்தார்.

பிள்ளைகளின் பாடசாலைச் சீருடையை நினைத்துக்கொள்ளுங்கள். விதி ஓரிடத்தில் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் அதன்படி உடுத்து வருகிறார்கள். எக்ஸலில் அந்த விதிக்கு ‘ஸ்டைல்’ என்று பெயர். ஆல்ட் விசையுடன் எப் 11ஐ அழுத்தினால் மெக்ரோ எழுதும் பக்கம் வரும். அங்கே ‘ஸ்டைல்ஸ்’ என்பதன் ‘ஆட்’ கட்டளையால் ‘நிலுவை’ என்றொரு ஸ்டைலை உண்டாக்கி, தடித்த எழுத்து, சிவப்பு நிறம், இரண்டு தசமம் என்று எழுதிவிடுங்கள். பிறகு ஒரு சுற்றுக் கட்டளை 31 தாள்களிலும் அதைப் பூட்டிவிடும்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. மெக்ரோ பக்கத்தில் தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் கேள்விக்குறிகளாகிவிடும். ஆகவே ஸ்டைலின் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். ஒரே பெயரை மறுமுறை ‘ஆட்’ செய்தால் மெக்ரோ பிழை காட்டி நின்றுவிடலாம். அந்தப் பெயர் ஏற்கெனவே உண்டா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். (கோப்பை மெக்ரோ உள்ள வகையாகச் சேமிக்கவும் மறக்க வேண்டாம். மறந்தால் ஸ்டைல்கள் தங்கும், மெக்ரோ போய்விடும்.)

என்னை உறுத்தியது வேறொன்று. கிலோ கட்டங்களுக்கு அவர் தசமமில்லாத வடிவம் கொடுத்திருந்தார். மூன்று நாள் 12.4 கிலோ வீதம் கொழுந்து தந்த ஒரு மூதாட்டியின் துண்டில் 12, 12, 12 என்று இருக்க, மொத்தம் 37 என்றிருந்தது. விரல்விட்டு எண்ணினால் 36! வடிவம் தோற்றத்தைத்தான் மாற்றும். உள்ளே இருக்கும் 37.2 அப்படியே இருக்கும். காசு சரியாகத்தான் போயிருக்கிறது. ஆனால் துண்டைப் பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்? இன்று ஒரு கிலோ கூடித் தெரிவது நாளை குறைந்தும் தெரியும். நிறுவையில் மோசம் செய்வோரைப் பற்றி ஓர் அத்தியாயமே (83) இறங்கியிருக்கும்போது, மோசமே செய்யாத வீட்டின் மீது இந்தச் சந்தேகம் ஏன் விழ வேண்டும்?

ஏற்கெனவே கையால் கொடுத்த வடிவத்தை முதலில் நீக்கச் சொன்னேன். அது கட்டத்தில் இருந்தால் ஸ்டைலில் பின்னர் செய்யும் மாற்றம் அங்கே ஏறாது. பின் ‘கிலோ’ ஸ்டைலைப் பூட்டி, அதன் எண் வடிவத்தை ‘0’ என்பதிலிருந்து ‘0.0’ ஆக்கினோம். அந்த ஒரு வரியோடு 31 தாள்களிலும் 12.4 தெரிந்தது. மூதாட்டியின் துண்டை அன்றே புதிதாக அச்சிட்டுக் கொடுத்தனுப்பினார்.